டிரம்முக்குக் காட்டிய சூடம்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றிலிருந்து தினமும் எழுத வேண்டுமாம். டாக்டர் உத்தரவு. கோபம் வந்தால் கத்தக் கூடாது, கத்த நினைப்பதை நோட்டில் எழுதிவிட்டால் பிரஷர் தானாக இறங்கும் என்கிறார். பட்டறைக்காரன் கத்தாமல் வேறு என்ன செய்வான்? மெஷின் ஓடுகிறபோது அன்பாகப் பேசினால் யார் காதில் விழும்? இதை அவரிடமே கேட்டேன். இப்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றார்.

வேறு யாராவது எடுத்துப் படித்தால் (படிக்கக் கூடாது) விளங்கட்டும் என்று எழுதுகிறேன். நான் மருதாசலம். கோயமுத்தூரில், கணபதியில், மேலே வீடு கீழே பட்டறை. குக்கர் மூடிகள் வரும், எல்லாம் அலுமினியம். ஓரத்துப் பிசிறைச் சக்கரத்தில் தேய்த்து எடுத்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவோம். தேய்ப்பது அபுதாகிர் பாய். இருபது வருஷமாக அந்தச் சக்கரத்தின் முன்னால் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. என் மனைவி தெய்வானை மூடிகளைக் காகிதத்தில் சுற்றி அடுக்குவாள். நான் மேற்பார்வை.

தேய்க்கிறபோது பறக்கும் தூசியை இழுக்க ஒரு ஏற்பாடு உண்டு. பழைய எண்ணெய் டிரம் ஒன்று, புளோயர் ஒன்று, நடுவில் ஒரு பைப். சக்கரத்தடியில் இருந்து தூசியை உறிஞ்சி டிரம்முக்குள் தள்ளிவிடும். நானே வெட்டி, நானே வெல்டிங் வைத்தது. இந்தத் தெருவில் இன்னொருவனிடம் இப்படி ஒன்று இருந்தால் காட்டட்டும். வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

இன்றைய கோபம் சென்னியப்பன். தெய்வானையின் தம்பி. தீயணைப்புத் துறையில் இருந்து ரிட்டையராகி எங்கள் மாடிப் போர்ஷனுக்குக் குடி வந்திருக்கிறான். வந்த அன்றைக்கே படிக்கட்டில் இருந்த காஸ் சிலிண்டரை அக்கட்டால நகர்த்தச் சொன்னான். நகர்த்தவில்லை. தெய்வானை நகர்த்தினாள்.

செப்டம்பர் 10, புதன்

சென்னியப்பன் பட்டறைக்கு விஜயம். ரிட்டையரான பிறகும் சட்டைப் பையில் விசில். டிரம்மைச் சுற்றி வந்தான், மூடியைத் திறந்தான், தூசியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். நன்றாயிருக்கிறது என்று சொல்லப் போகிறான் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அலுமினியத் தூசி பட்டாசு மருந்துக்குச் சமம் என்றான். டிரம் கட்டடத்துக்கு உள்ளேயே இருக்கக் கூடாதாம். அன்றன்றைக்குத் தூசியை அள்ளிவிட வேண்டுமாம். அந்தச் சக்கரத்தில் இரும்பைக் காட்டவே கூடாதாம், இரும்பில் பொறி பறக்குமாம், பொறி பைப் வழியாக டிரம்முக்குப் போகுமாம். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல் மட்டும்தானாம். ஆயுள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிச் சம்பளம் வாங்கியவன் தண்ணீர் கூடாது என்கிறான். அலுமினியம் எரியுமென்றால் வீட்டில் இட்லிக் குண்டா இத்தனை வருஷம் எரியாமல் என்ன செய்துகொண்டிருந்தது?

பாய் எனக்காகப் பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, "இதத்தானுங்ண்ணா நானும் சொல்லிட்டே இருக்கறேன்" என்றார். எப்போது சொன்னார்? எனக்கு ஞாபகம் இல்லை.

போகும்போது சிவப்புப் பெயின்ட் அடித்த வாளிகள் இரண்டில் மணல் கொண்டுவந்து சுவரோரம் வைத்துவிட்டுப் போனான். பார்க்கச் சகிக்கவில்லை. ஊதுவத்தி செருக உதவும் என்று விட்டுவைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கத்தவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் கத்தினேன். அது சேராது.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் தெய்வானை அரிவாள்மனையைக் கொண்டுவந்து வைத்தாள். பூசணியை வைத்தால் நகர்கிறதே தவிர அறுக்கவில்லை என்றாள். பட்டறை வைத்திருப்பவன் வீட்டு அரிவாள்மனை மழுங்கிக் கிடப்பது எனக்குத்தான் அசிங்கம். இரும்புக்கென்று மூலையில் தனிச் சக்கரம் இருக்கிறது. ஆனால் அதன் பெல்ட் அறுந்து பல நாளாகிறது, வெளிச்சமும் போதாது. மத்தியானம் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அவர் சக்கரம் சும்மாதான் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. பொறி அழகாகப் பறந்தது. ஒன்றும் ஆகவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன்: ஒன்றும் ஆகவில்லை.

பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், டிரம்மில் இருந்து புகை வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, நடுவில் எத்தனையோ நேரம் போய்விட்டது. பாய் புளோயரை நிறுத்திவிட்டு மூடியைத் தள்ளினார். உள்ளே தூசி அடுப்புக் கங்காகக் கனன்றுகொண்டிருந்தது. நான் சும்மா நிற்கிறவனா? தொட்டியில் இருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு வீசினேன். தீ அணையவில்லை. வெள்ளை வெளேரென்று கூரை வரைக்கும் எழுந்தது. பாய் என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். சிவப்பு வாளி மணலை, ஊதுவத்தியோடு சேர்த்து, உள்ளே கவிழ்த்தார். அப்புறம் இன்னொரு வாளி. அடங்கிவிட்டது.

அவர் வலது முழங்கை வரை கொப்புளம். தாடியில் ஒரு பக்கம் பொசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானே ஆட்டோவில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவர் அந்தக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். பதற்றத்தில் நான் பேசிவிட்டேன், கொஞ்சம் பார்த்து வேலை செய்யக் கூடாதா பாய் என்று. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தெய்வானை, அரிவாள்மனை இப்போது தொட்டாலே அறுக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். சத்தமாகச் சொல்லாதே என்றேன்.

செப்டம்பர் 13, சனி

பாய் கட்டுப் போட்ட கையோடு வந்தார். வேலைக்கு இல்லை. வாசலிலேயே நின்றார். எப்போதும் "ண்ணா" என்று கூப்பிடுகிறவர், இன்றைக்கு மொதலாளி என்றார். 

"மொதலாளி, சக்கரத்துல இரும்புத் தூள் ஒட்டியிருந்துச்சு. அரிவாள்மனை நல்லா அறுக்குதுங்களா?"

ஒன்றும் புரியாத மாதிரி நின்றேன்.

"நடந்தது நடந்துருச்சு, வுடுங்க. அந்த டிரம்மு வெளிய போச்சுன்னா நா உள்ள வாரேன். அது உள்ள இருந்துச்சுன்னா நா வெளியவே இருந்துக்கறேன்" என்றார்.

நானே செய்த டிரம். நானே செய்த வெல்டிங். சென்னியப்பன் சொன்னதையே இவரும் சொல்கிறார். டிரம் எங்கேயும் போகாது என்றேன். சரிங்க மொதலாளி என்று போய்விட்டார். போகட்டும். கோயமுத்தூரில் சக்கரம் பிடிக்கிறவனுக்கா பஞ்சம்?

செப்டம்பர் 16, செவ்வாய்

பஞ்சம்தான். நேற்று வந்தவன் சுவரில் இருந்த கரியைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான், முன்னால் இருந்தவர் எங்கே என்று கேட்டான், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றான். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு வந்தவன் கொஞ்சம் பரவாயில்லை. மெஷின் போடுகிற வரைக்கும் இருந்தான்.

தீயணைப்புக்காரன் மாடியில் குடியிருக்கிறான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. பட்டறை அவ்வளவு ஆபத்தாக இருக்கப் போய்த்தான் ஆளையே வீட்டில் வைத்திருக்கிறேனாம்.

செப்டம்பர் 18, வியாழன்

நானே உட்கார்ந்துவிட்டேன். என்ன பெரிய வேலை, மூடியைப் பிடித்து ஓரத்தைச் சக்கரத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதானே. காலையில் இருந்து நடுநடுவே எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். பயம் ஒன்றும் இல்லை. கால் மரத்துப் போகிறது. புளோயர் சத்தம் மாறும் போதெல்லாம் கால் மரத்துப் போகிறது.

தெய்வானை கவனித்திருக்கிறாள். "ஏனுங்க, பாயி இத்தன வருசமா இதுக்கு முன்னாலதானுங்க உக்காந்திருந்தாரு" என்றாள். சும்மா சொன்னாள் போலத்தான் இருந்தது. காகிதத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

செப்டம்பர் 20, சனி

குக்கர் கம்பெனியில் இருந்து மூடிகள் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் குக்கரில் உட்காரவில்லையாம். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்துகொள்கிறதாம். கொண்டுவந்த டிரைவர், வாயைப் பொத்திக்கொண்டு, இதைச் சாம்பிராணி போடக் கொடுக்கலாமே என்றான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. டைரி வேலை செய்கிறது.

தெய்வானை எனக்குத் தெரியாமல் உக்கடத்துக்குப் போய்ப் பாயைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாப்பாடு கொண்டுபோகிற தூக்குப் போசி காணாமல் போயிருந்ததில் கண்டுபிடித்தேன். கை ஆறிவருகிறதாம். குறிச்சியில் ஒரு பட்டறையில் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஆயுத பூஜை முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். அவர் மனைவி ஷம்சாத்தான் இதைச் சொன்னாளாம். எனக்கென்ன, தாராளமாகப் போகட்டும் என்றேன். ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ரசத்தில் புளி கூடிவிட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

சென்னியப்பன் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். பின்புறக் காலி இடத்தில் கூரை போட்டு, டிரம்மை அங்கே வைத்து, பைப்பைச் சுவர் வழியாகக் கொண்டுபோவது. பார்க்கவே மாட்டேன் என்றேன். அவன் போன பிறகு பார்த்தேன். பைப் வளைவு சரியில்லை. நான் வரைந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் வரைந்தால் அவன் சொன்னதைச் செய்த மாதிரி ஆகிவிடும். ஆகவே வரையவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

உக்கடம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். என்ன வேலை என்பது போனபின் மறந்துவிட்டது. பாய் இருக்கிற தெரு வழியாகத்தான் திரும்ப வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொரு முறையும் அந்த வழியாகவே வர வேண்டியிருந்தது. மூன்றாவது முறை அவரே வெளியே வந்து, உள்ள வாங்க என்றார்.

டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம். மேம்பாலம் எப்போது முடியும் என்பதைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. கொப்புளம் இருந்த இடத்தில் தோல் புதிதாக, ரோஸ் நிறத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், கண் அங்கேயே போனது. டிரம்மைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர், பூஜை வருது, டிரம்மத் தொடப்பத்துல மட்டும் கூட்டி அள்ளுங்க மொதலாளி, தண்ணி கிண்ணி வேண்டாம் என்றார். மொதலாளி என்றதிலேயே எனக்கு மீதி எதுவும் காதில் ஏறவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை. பட்டறை கழுவும் நாள். வருஷா வருஷம் இந்த நாளில் பாய்க்கும் எனக்கும் சண்டை வரும். நான் ஹோஸைத் தூக்கிக்கொண்டு டிரம் பக்கம் போவேன், அவர் குறுக்கே நின்று மறிப்பார். தூசியைத் தென்னந் தொடப்பத்தால் கூட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டு வெளியே போவார். டிரம் உள்ளே கறுப்பாகவே இருக்கும். பூஜைக்கு வைக்கிற பொருள் அப்படியா இருப்பது?

இந்த வருஷம் மறிக்க ஆளில்லை. சென்னியப்பனும் ஈரோட்டில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறான், நாளை மத்தியானம்தான் வருவான். தீப்பிடித்தால்தானே தண்ணீர் கூடாது? தீயே இல்லாதபோது தண்ணீர் விட்டால் என்ன? இந்தச் சின்ன வித்தியாசம் கூட அந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சக்கரம், மோட்டார், தராசு, சைக்கிள், எல்லாவற்றையும் துடைத்தேன். டிரம்முக்குள் வாளி வாளியாக ஊற்றினேன். அடியில் இறுகிக் கிடந்த தூசி சேறாகிவிட்டது, அள்ள வரவில்லை. பூஜை முடிந்து அள்ளிக்கொள்ளலாம் என்று மூடியைப் போட்டு இறுக்கினேன். கொசு போகாமல் இருக்கப் பைப்பின் வாயையும் சாக்கால் அடைத்தேன். வெளியே மட்டும் பளிச்சென்று துடைத்து விபூதிப் பட்டை போட்டேன்.

தொட்டால் டிரம் வெதுவெதுப்பாக இருந்தது. இன்று பார்த்து நல்ல வெயில்.

அக்டோபர் 1, புதன்

எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் பூஜை. வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை, நடுவில் உடைப்பதற்குப் பெரிய பூசணிக்காய். நேற்று வாளி வாளியாகத் தூக்கியதில் எனக்குத் தோளைத் தூக்க முடியவில்லை. அதனால் தெய்வானைதான் தட்டில் சூடம் கொளுத்தி ஒவ்வொன்றுக்கும் காட்டிக்கொண்டு வந்தாள். சக்கரத்துக்கு, மோட்டாருக்கு, தராசுக்கு. கடைசியில் டிரம். அதன்கிட்டே போனதும் உள்ளே இருந்து கிசுகிசுவென்று சத்தம். நான் பல்லி சொல்லுகிறது என்றேன். நல்ல சகுனம் என்றேன். தெய்வானை தட்டை டிரம் பக்கமாக நீட்டினாள்.

அப்போது எனக்கு ஒரு ரோஷம் வந்தது. மற்றதெல்லாம் கடையில் வாங்கியது, இது நான் செய்தது. இதற்கு நான்தான் காட்டுவேன் என்று தட்டைப் பிடுங்கினேன். அவள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றாள். இடது கையில் தட்டு. பூஜை நாளில் பல்லி உள்ளே அடைபட்டுச் செத்துப்போனால் பாவமாயிற்றே என்று, வலது கையால் மூடியின் கொக்கியைத் தளர்த்தினேன்.

அவ்வளவுதான் தெரியும். டமார் என்று ஒரு சத்தம். மூடி கூரைத் தகட்டில் மோதித் திரும்பி வந்து பூசணிக்காயின் மேலேயே விழுந்தது. பூசணி நான்காக உடைந்தது. என்னைப் பின்னால் எதுவோ தள்ளி உட்கார வைத்துவிட்டது. காதுக்குள் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. டிரம்மின் வாயில் வெள்ளைத் தீ.

அடுத்த பட்டறைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் எழுந்து அவர் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன். "தண்ணி வேண்டா, மணலு, மணலு" என்று கத்தினேனாம். தெய்வானை சொல்கிறாள், அப்படியே சென்னியப்பன் குரலில் கத்தினேனாம். சிவப்பு வாளிகளில் அவன் திரும்பவும் மணல் நிரப்பி வைத்திருந்தான். நானும் திரும்பவும் ஊதுவத்தி செருகியிருந்தேன். எல்லாவற்றையும் கவிழ்த்தோம்.

சேதம்: என் புருவங்கள் இரண்டும். முன் மண்டை முடி. மீசையில் பாதி. கையில் ஒரு சின்னச் சூடு. டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார், பல்லி என்றேன்.

மத்தியானம் சென்னியப்பன் வந்தான். ஈர அலுமினியத் தூசியில் இருந்து காஸ் வருமாம், மூடி வைத்தால் உள்ளேயே சேருமாம், நெருப்பைக் காட்டினால் இப்படித்தானாம். விளக்கிவிட்டு, ஏதாவது குத்திப் பேசுவான் என்று காத்திருந்தேன். அவன் அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தட்டு அவள் கையில் இருந்தது. அவள் சேலை முந்தானை தட்டைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. என் வீம்பு ஒரு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்கு அவளைக் காப்பாற்றியது என் புத்தி இல்லை, என் வீம்பு. எனக்குத் தெய்வானை வேண்டும். அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது, தேங்காயெண்ணெய் எங்கே இருக்கிறது என்பது கூடத் தெரியாது. இதை அவளிடம் சொல்லப் போனேன். வாயில் வேறு வந்தது, பூசணி வீணாகவில்லையே, பொரியல் பண்ணு என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. தலையில் துண்டைச் சுற்றி, கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். ஷம்சாத் கதவைத் திறந்து, யாரோ ஃபக்கீர் வந்திருக்கிறார் என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

பாய் வந்து உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"டிரம்மு வெளிய போயிருச்சு பாய்" என்றேன்.

"எடுத்து வெச்சுட்டீங்களா?"

"அதாவே போயிருச்சு."

துண்டை மேலே தூக்கிக் காட்டினேன். உள்ளே திரைக்குப் பின்னால் ஷம்சாத் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பாய் சிரிக்கவில்லை. முழுக்கச் சொன்னேன், தண்ணீர் விட்டதில் இருந்து பல்லி வரைக்கும். கேட்டுக்கொண்டே வந்தவர், சட்டென்று, "சூடத் தட்டு யாரு கைல இருந்துச்சு?" என்றார்.

அவர் முன்னால் நான் அழுதுவிட்டேன். ஆமாம், அழுதேன், எழுதுகிறேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்காவுக்கு ஒண்ணும் ஆகலீல்ல, ஒண்ணும் ஆகலீல்ல என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அப்புறம் சொன்னார், குறிச்சிப் பட்டறைக்கு வருகிறேன் என்று காலையில்தான் ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டாராம், திங்கட்கிழமையில் இருந்து. அவருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

திரும்பி வா என்று கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் கையில் அந்த ரோஸ் நிறத் தோல் கண்ணில் பட்டது. கேட்க மனசு வரவில்லை.

"அங்கயே போ பாய். ஆனா ஒண்ணு, உக்கார்றதுக்கு முந்தி தூசி எங்க போகுதுன்னு ஒரு தரம் நல்லாப் பாத்துக்க. என்னய மாதிரி ஒருத்தன் அங்கயும் இருப்பான்."

அவர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார்.

அக்டோபர் 4, சனி

புது ஏற்பாடு தயார். பின்புறம் கூரை போட்டு, புது டிரம் வெளியே. பைப் நீளம் குறைவு, வளைவு ஒன்றே ஒன்று, தூசி எங்கேயும் தங்காது. இரும்புச் சக்கரத்துக்குப் பெல்ட் போட்டு, அந்தப் பக்கமே அலுமினியம் போகாதபடி தனியாக வைத்தாயிற்று. தினம் பொழுதோட டிரம்மைக் கூட்டி அள்ளுவது முதலாளி வேலை. தண்ணீர்க் குழாயைப் பட்டறைப் பக்கமே வராமல் அடைத்தாயிற்று. எல்லாம் என் யோசனை. சென்னியப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பைப் வளைவு நீங்க வரஞ்சதுதான் மாமா சரி என்றான். மோசமான ஆள் இல்லை.

சக்கரத்தின் முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது. யாரைப் போடுவது என்று தெய்வானை கேட்டாள். யாரையும் போடத் தோன்றவில்லை என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் பட்டறையைத் திறந்தால் வாசலில் பாய் நிற்கிறார், சாப்பாட்டுப் பையோடு.

குறிச்சிக்கு இன்றைக்குத்தானே என்றேன். சனிக்கிழமையே போய்ப் பார்த்தாராம். நான் சொன்ன மாதிரியே தூசி எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார். அந்த முதலாளி பெருமையாக உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாராம். எண்ணெய் டிரம், உள்ளேயே, பக்கத்தில் இரும்புச் சக்கரம். வெளியே வைக்கச் சொன்னதற்கு, நானே செஞ்சதாக்கும், உக்காந்து வேலையப் பாருங்க என்றாராம். பாய் அப்படியே திரும்பி வந்துவிட்டார். அந்த ஆளை எனக்கு நேரில் தெரியாது, ஆனால் நன்றாகவே தெரியும். நாளைக்குச் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். புருவம் இல்லாத முகத்தைப் பார்த்தால் கேட்பான்.

பாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்பக்கம் போய் டிரம்மைத் தட்டினார், உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார், பைப்பின் வாயில் காகிதத்தைக் காட்டி இழுவை பார்த்தார். சுவரோர மணல் வாளியில் ஊதுவத்தி இருக்கிறதா என்று கூடக் குனிந்து பார்த்தார். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தெய்வானை காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் கதவோரம் நின்றான். நான் சக்கரத்தின் பக்கத்தில் நின்றேன். சந்தோஷத்தில் ரொம்பவே கிட்டப் போய் நின்றுவிட்டேன்.

பாய் சுவிட்சில் கை வைத்தவர், எடுத்துவிட்டார். என் தலைத் துண்டையே பார்த்தார்.

"ண்ணா, மொதல்ல அந்தத் துண்ட எடுங்க. சுத்தற சக்கரத்துகிட்டத் தொங்கற துணியோட நிக்கறீங்க. இழுத்துச்சுன்னா தல போயிரும்."

சென்னியப்பன், ஆமா மாமா, அது ரொம்பத் தப்பு என்றான். அஞ்சு நாளாக, தூங்குகிறபோது கூட, அந்தத் துண்டை நான் எடுக்கவில்லை. வேறு வழியில்லை. பட்டறைக்குள் பத்திரம் என்றால் பத்திரம்தான். எடுத்தேன்.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முதலில் தெய்வானைதான் ஆரம்பித்தாள். சென்னியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அடங்கி, கண்ணைத் துடைத்து, சுவிட்சில் கை வைத்து, திரும்ப ஒருமுறை என்னைப் பார்த்து, கையை எடுத்துவிட்டார். சிரிச்சா கை ஆடுதுங்ண்ணா, ஆடற கைல மூடி புடிக்கக் கூடாது, கொஞ்ச நேரம் அக்கட்டால போய் நில்லுங்க என்றார்.

போய் வெயிலில் நின்றேன். பத்து மணி வரைக்கும் மெஷின் ஓடவே இல்லை. நான் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் திரும்ப முதலில் இருந்து சிரிக்கிறார்கள். என் பட்டறை, என் வேலை நேரம். அப்புறம் ஒருவழியாகச் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. உள்ளே போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.